மருந்து தேரும் முறைமை: ஊவா மலைநாட்டை முன்னிட்டுச் சில எண்ணங்கள்

விழா மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பழைய ஆசிரியர்தம் பெருமையையோ, விளையாட்டரங்கில் நம்மவர் ஈட்டிய வெற்றிகளையோ, சமயத்தின் மேன்மையையோ பொருளாகக் கொள்வர். அவை யாவும் போற்றத்தக்கனவே. எனினும், நம் கல்லூரியிற் கற்று வெளியேறியோருட் பலர் ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் மருந்தாளராயும் வைத்தியராயும் ஊவா மலைநாட்டிலே பணிபுரிந்துள்ளனர், இன்றும் புரிகின்றனர். பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் மக்கள் அவர்களை மதித்து யோசனை கேட்கின்றனர். அவ்வாறு கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று அடிக்கடி காதில் விழுகின்றது. “மாஸ்டர், சீனி வருத்தத்துக்கு ஓமியோபதியிலே நல்ல மூலிகை மருந்து இருக்காமே; எதை வாங்கலாம்?” என்பதே அது. படித்தவர் ஒருவர் சொல்லும் விடையை நம்பி ஒரு குடும்பம் தன் காசையும், சில வேளை ஓர் உயிரையும் பணயம் வைக்கின்றது. ஆதலின் இக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பை நாம் எளிதாகக் கருதலாகாது.

இக்கேள்வி எழும் நிலைமையை முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று. தோட்டங்களில் முன்னாளில் மக்களை வாட்டியவை காய்ச்சலும், வயிற்றுளைவும், கொக்கிப்புழுவும் ஆகும். வந்தால் கொல்லும், அல்லது மருந்துக்கு அடங்கி நீங்கும் என்னும் வகையின அவை. இன்று லயங்களிற் குடியிருப்போரை வருத்துவன நீரிழிவு, இரத்த அழுத்தம், இழுப்பு, மூட்டுவாதம், சிறுநீரகப் பிணி முதலியன. இவை நீங்குவன அல்ல. ஆயுள் முழுதும் நாள்தோறும் மருந்துண்டு அடக்கிவைக்கப்பட வேண்டியன. அதற்காக மாதந்தோறும் கிளினிக் செல்லுதல் வேண்டும். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். கிளினிக் நாளில் அவளுக்குப் பேர் விழாது. விடியுமுன் எழுந்து, பஸ்சுக்குக் காத்திருந்து, பசறைக்கோ பதுளைக்கோ சென்று, வரிசையில் நின்று, வைத்தியர் முன் இரண்டு நிமிடம் அமர்ந்து, தன் மொழியில் ஒரு வார்த்தை பேச வழியின்றி, வில்லைப் பொட்டலத்துடன் மாலையில் மலையேறுகின்றாள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அப்பொட்டலமும் பலருக்குக் குறைந்து போயிற்று. இந்நிலையில், “பக்கவிளைவு இல்லாதது, இனிப்பானது, செடியிலிருந்து செய்தது” என்று ஒருவர் ஒரு சிறு குப்பியை நீட்டினால் அவள் அதை நாடுவதில் வியப்பென்ன?

அவளை இகழ்வது நம் நோக்கமன்று. ஓமியோபதி பயில்வோரை ஏளனம் செய்வதும் அன்று. நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: நாள்பட்ட நோயாளி ஒருவருக்கு மருந்து தேர்வதென்பது செடியின் பெயரைத் தேர்வதன்று, நோயை அறிவதும், மருந்தின் பொருளையும் அளவையும் அறிவதும், பயன் விளைந்ததா என்று அளந்து பார்ப்பதும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தேர்வு. இம்மூன்றையும் கடந்து வரும் செடி எதுவாயினும் அதை ஏற்போம். கடவாததை, அதன் பெயர் எத்துணைப் பழமையுடையதாயினும், உயிர்காக்கும் மருந்தின் இடத்தில் வைக்க உடன்படோம்.

ஓமியோபதியின் பிறப்புக் கதை ஊவா மலைகளோடு ஒரு வகையில் தொடர்புடையது என்பதைப் பலர் அறியார். ஜேர்மனிய வைத்தியரான சாமுவேல் ஹானிமன் 1790ஆம் ஆண்டு கல்லென் என்னும் ஸ்கொட்லாந்து வைத்தியரின் மருந்து நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். முறைக்காய்ச்சலுக்குச் சிங்கோனாப் பட்டை எவ்வாறு பயன்படுகின்றது என அந்நூல் கூறிய விளக்கம் அவருக்கு உடன்பாடாகவில்லை. நோயற்றிருந்த தாமே அப்பட்டையை உண்டு பார்த்தார். காய்ச்சல் கண்டவர்க்குரிய குறிகள் சில தம் உடலில் தோன்றியதாகக் குறித்தார். நலமுடையோரிடம் எக்குறிகளை ஒரு பொருள் உண்டாக்குமோ அக்குறிகளையுடைய நோயை அதுவே தீர்க்கும் என்னும் கொள்கை அதிலிருந்து முளைத்தது. 1796இற் கட்டுரையாகவும் 1810இல் ‘ஓர்கனன்’ என்னும் நூலாகவும் அக்கொள்கை விரிந்தது.

அதே சிங்கோனா பின்னர் இலங்கை மலைகளுக்கு வந்தது. 1861ஆம் ஆண்டு ஹக்கலையில், வெலிமடைக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள சாரலில், அதற்கெனவே தோட்டமொன்று அமைக்கப்பெற்றது. 1869இல் நம் மடுல்சீமையிலே கோப்பி இலைகளில் செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் முதன்முதற் காணப்பட்டன. அந்நோய் சில ஆண்டுகளில் இலங்கையின் கோப்பித் தொழிலையே அழித்தது. கோப்பியை இழந்த துரைமார் சிங்கோனாவை நட்டனர். 1880களின் நடுவில் இலங்கையிலிருந்து ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை ஏற்றுமதியாயிற்று. வரத்து மிகுந்து விலை வீழவே அதுவும் ஒழிந்து தேயிலை நிலைபெற்றது. இன்று கொழுந்து பறிக்கும் கைகளின் முன்னோர் சிலர், ஓமியோபதிக்கு வித்திட்ட அப்பட்டையை உரித்தவராதல் கூடும்.

சிங்கோனாவின் கதை ஹானிமனோடு முடிந்திருந்தால் நாம் கூற வேண்டியது வேறில்லை. ஆனால் அப்பட்டையை வேறொரு வழியிலும் ஆராய்ந்தனர். 1820இல் பெல்லத்தியே, கவந்தூ என்னும் பிரெஞ்சு இரசாயனர் இருவர் அதிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். 1880இல் லவரான் மலேரியாக் கிருமியை நோயாளியின் இரத்தத்திற் கண்டார். 1897இல் ரொனால்ட் ரொஸ் நுளம்பின் பங்கினை வெளிப்படுத்தினார். பட்டை நோயைத் தணித்தது அது காய்ச்சலைப் போன்ற குறியை உண்டாக்குவதால் அன்று, இரத்தத்திலுள்ள கிருமியைக் கொல்வதால் என்பது அதனால் தெளிவாயிற்று. 1934–35இல் இலங்கையிற் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அக்காலத்தில் ஊரூராகக் கொண்டுசெல்லப்பட்டது அளவறிந்து கொடுக்கப்பட்ட குயினைனே. 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஒரே பட்டையிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. எப்பாதை ஊரைக் காத்தது என்பதைக் காலம் காட்டிவிட்டது.

நாள்பட்ட நோயைப் பற்றி ஹானிமன் கூறியதையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். தம் மருந்துகளால் தணிந்த நெடும்பிணிகள் மீண்டும் மீண்டும் தலைதூக்குவதைக் கண்ட அவர், பல்லாண்டு சிந்தித்து 1828இல் நாள்பட்ட நோய்கள் பற்றித் தனி நூல் வெளியிடத் தொடங்கினார். அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குச் சிரங்கோடு தொடர்புடைய ‘சோரா’ என்னும் உட்கோளாறே மூலம் என்றார். தம் முறை எங்கே தடுக்குகின்றது என்பதை அவரே கண்டு வெளிப்படையாக எழுதியது பாராட்டுக்குரியது. ஆயின் நீரிழிவுக்கு மூலம் இன்சுலின் குறைவும் அதன் வலியின்மையும் என்பது 1921இல் கனடாவில் இன்சுலின் கண்டறியப்பட்ட காலந்தொட்டு நாம் அறிந்த உண்மை. அவ்வறிவுக்குப் பின்னரும் சோராவைத் தேடிக்கொண்டிருத்தல் தகுமா?

இனிக் குப்பிக்குள் இருப்பது யாது என்பதை ஆராய்வோம். ஓமியோபதி மருந்தை நம் மக்கள் மூலிகை மருந்தென்றே கொள்கின்றனர். சித்தத்தோடும் ஆயுர்வேதத்தோடும் ஒன்றாக எண்ணுகின்றனர். இது பெரும் மயக்கம். எட்டி, எருக்கு, ஆடாதோடை, நாவல் முதலிய நம் நாட்டுச் செடிகள் பல ஓமியோபதி மருந்துப் பட்டியலில் உள்ளன என்பது மெய்யே. ஆனால் மதர் டிங்சர் எனப்படும் மூலச்சாற்றில் ஒரு பங்கை எடுத்து 99 பங்கு மதுசாரத்திற் கலந்து குலுக்குகின்றனர். அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மீண்டும் 99 பங்கிற் கலக்கின்றனர். இவ்வாறு 30 முறை செய்ததே குப்பியின் மேல் ‘30’ என்று குறிக்கப்படும் வீரியம். கணக்கறிந்த மாணவன் எவனும் இதைப் போட்டுப் பார்க்கலாம்: 1ஐ அடுத்து 60 பூச்சியங்கள் கொண்ட எண்ணில் ஒரு பங்கே மூலச்சாறு. 12ஆவது கலப்பைக் கடந்தபின் அச்செடியின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சியிருத்தல் அரிது என்பதை அவகாதரோ எண்ணைக் கற்றோர் உணர்வர். அந்தச் சீனி உருண்டையில் எட்டியின் நஞ்சும் இல்லை, எட்டியும் இல்லை. பக்கவிளைவு இல்லை என்று கூறுவது உண்மைதான். விளைவு உண்டா என்பதே வினா.

அவ்வினாவுக்கு விடை தேடியோர் பலர். அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சி மன்றம், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, ஓமியோபதி பயன் தரும் என்று நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என 2015இல் முடிவு கூறியது. மூலச்சாறாகவோ கஷாயமாகவோ உண்ணும் செடிகளின் நிலை வேறு. அவற்றிற் பொருள் உண்டு. ஆயினும் பொருள் இருப்பதனாலேயே பயன் உண்டென்று கொள்ளுதல் கூடாது. நீரிழிவுக்கு நம்மவர் நாவலைப் பெரிதும் நம்புவர். பிரேசில் நாட்டில் நாவல் இலைத் தேநீரை நீரிழிவாளருக்குக் கொடுத்து முறைப்படி நடத்திய சோதனை ஒன்றின் முடிவு 2004இல் வெளியாயிற்று. அத்தேநீர் இரத்தச் சீனியைக் குறைத்ததாகக் காணப்படவில்லை. நாவற்பழம் தின்பதற்கு இனியது என்பதில் ஐயமில்லை. அதன் இலையை நம்பி வில்லையை நிறுத்துதல் தகாது.

பொருளுடைய செடி தீங்கும் செய்யும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் தலைநகரிலே உடல் மெலிவதற்காக மூலிகை வில்லை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் அழிந்தது. எண்ணிக்கை நூற்றைக் கடந்தது. காரணம், ஒரு செடிக்குப் பதிலாகத் தவறுதலாகச் சேர்ந்த அரிஸ்தோலோக்கியா இனச் செடி. அவ்வினத்தைச் சேர்ந்ததே நம் நாட்டில் ஈசுவரமூலி எனவும், சிங்களத்தில் சப்சந்த எனவும் வழங்கும் கொடி. அதற்குப் பெருமருந்து என்றே ஒரு பெயரும் நம்மிடம் உண்டு. கேரளத்தில், சிங்களத்திற் பிலிங் எனப்படும் புளிப்புக் காயின் சாற்றைக் கொழுப்புக் குறையும் என்று நம்பிக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 2013இல் வைத்தியர்கள் அறிவித்தனர். வீட்டு முற்றத்திற் காய்ப்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

இவ்விடத்தில் ஓமியோபதி முறையின் அடிப்படைக் குறையொன்றைச் சுட்டுதல் வேண்டும். அம்முறை குறிகளை நோக்கி மருந்தைத் தேர்வது. நோயாளிக்குத் தாகம் எப்படி, உறக்கம் எப்படி, குளிர் பொறுக்குமா, வெயில் பொறுக்குமா, எப்பக்கம் வலி என்றெல்லாம் கேட்டு, அத்தொகுதிக்கு ஒத்த மருந்தை நூலிற் காண்பர். ஆனால் இன்று மலைநாட்டில் உயிர்குடிக்கும் பிணிகள் நெடுங்காலம் குறி காட்டாதவை. இரத்த அழுத்தம் மிகுந்தவர் பல்லாண்டு யாதொரு நோவும் அறியார். ஒருநாள் பக்கவாதத்தால் வீழ்வார். நீரிழிவும் தொடக்கத்தில் அத்தன்மையதே. பதுளை மாவட்டத்தின் வடபகுதியிலுள்ள கிராந்துருகோட்டையில் உழவர்களைப் பீடித்திருக்கும் காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் இன்னும் கொடியது. களைப்பும் வீக்கமும் வெளிப்படும் வேளையில் சிறுநீரகத்தின் பெரும்பகுதி அழிந்துபோயிருக்கும். சிறுநீரிற் புரதத்தையும் இரத்தத்திற் கிரியற்றினினையும் அளந்தாலன்றி அதை முன்னறிய வழியில்லை. பேசாத நோயிடம் எத்துணைக் கேள்வி கேட்டும் பயன் யாது? மடுல்சீமைக் கோப்பி இலையில் துரைமார் கண்டதும் புள்ளி என்னும் குறியே. 1880இல் மார்ஷல் வோட் என்னும் அறிஞர் இலங்கைக்கு வந்து நுணுக்குக்காட்டியால் நோக்கிய பின்னரே அப்புள்ளிக்கு மூலமான பூஞ்சணம் இலைக்குள் எவ்வாறு புகுந்து வாழ்கின்றது என்பது விளங்கிற்று.

எனினும், குறி கேட்கும் அவ்வழக்கத்திலே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஓமியோபதி வைத்தியர் முதல் நாளில் நோயாளியுடன் நெடுநேரம் அமர்ந்து பேசுகின்றார். அச்சத்தையும் துயரத்தையும் கேட்கின்றார். நம் கொழுந்துத் தாய்க்கு அவ்வாறு காது கொடுத்தவர் வேறு யாவர்? உருண்டையால் நலம் பெற்றேன் என்று கூறுவோரிற் பலர் பொய் கூறுபவரல்லர். மூட்டுவாதமும் இழுப்பும் தாமே ஏறியிறங்கும் இயல்பின. மிக வருந்தும் நாளிற் மருந்து தேடியவர் சின்னாளில் தேறுதல் இயல்பு. அதனோடு, ஒருவர் அன்போடு விசாரித்தாரென்னும் ஆறுதலும் நோவைத் தணிக்கின்றது. அந்த ஆறுதலை அரசாங்க வைத்தியசாலைகள் தர முடியாமற்போனதே குப்பிகளின் வெற்றிக்குப் பெருங்காரணம் என்பது நம் துணிபு. இக்குறையை மறைத்துவிட்டு மக்களை அறியாமையுடையோர் என்று பழித்தல் நேர்மையாகாது.

செடியையே விரும்புவோர்க்கு மகிழ்ச்சி தரத்தக்க செய்தியொன்றும் உண்டு. கிளினிக்கில் நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்போமின் வில்லையின் மூதாதை ஒரு செடியே. ஐரோப்பாவிற் கலேகா என்னும் பயற்றினச் செடியை மிகுந்த தாகத்துக்கும் மிகுந்த சிறுநீருக்கும் முற்காலத்திற் கொடுத்து வந்தனர். அச்செடியிலுள்ள குவனிடின் வகைப் பொருள் சீனியைக் குறைக்கும் என்றும், ஆயின் அது நஞ்சுமாகும் என்றும் ஆராய்ந்தோர் கண்டனர். அதன் தன்மையைப் பின்பற்றித் தீங்கு குறைந்த பொருளை 1922இல் ஆய்வுகூடத்தில் ஆக்கினர். 1957இல் ஜோன் ஸ்தேர்ன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் அதை நீரிழிவாளரிடம் பயன்படுத்திய முடிவை வெளியிட்டார். எவ்வளவு கொடுப்பது, சிறுநீரகம் தளர்ந்தால் எவ்வளவு குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பனவெல்லாம் இன்று அளந்து அறியப்பட்டுள. மூலிகை மருந்தைத் தேடி அலையும் அத்தாயின் கைப்பொட்டலத்திலேயே, நஞ்சு நீக்கி அளவு கண்ட மூலிகையின் வழித்தோன்றல் இருக்கின்றது. இதை அவளுக்கு அவள் மொழியிற் சொல்லியவர் எத்தனை பேர்?

ஆகவே, யோசனை கேட்டு வருவோர்க்கு நாம் கூறத்தக்கன இவை. முதலாவது, நோயின் பெயரும் அளவும் அறியாமல் எம்மருந்தையும் வாங்கலாகாது. சீனி எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, கிரியற்றினின் எவ்வளவு என்பவற்றைக் கிளினிக் கொப்பியில் எழுதிக் கையில் வைத்திருத்தல் வேண்டும். இரண்டாவது, வேறெம்மருந்தை உண்டாலும் வைத்தியர் கொடுத்ததைத் தாமாக நிறுத்தலாகாது. இன்சுலின் ஊசி போடும் சிறுவருக்கு அதை நிறுத்துவது சில நாட்களிலேயே உயிருக்கு உலை வைக்கும். இழுப்புடையோர் பம்பைக் கைவிடலாகாது. மூன்றாவது, செடியின் பெயரும், எப்பகுதி என்பதும், எவ்வளவு கலந்தது என்பதும் எழுதாத குப்பியைத் தொடலாகாது. நான்காவது, உண்பது யாதாயினும் அதைக் கிளினிக்கில் மறைக்காமற் கூறுதல் வேண்டும். ஐந்தாவது, கொடுப்பவர் பதிவு பெற்றவரா என்று வினவுதல் வேண்டும். ஆயுர்வேதமும் சித்தமும் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும், ஓமியோபதி முதலில் 1970ஆம் ஆண்டின் சட்டத்தாலும் பின்னர் 2016ஆம் ஆண்டின் சட்டத்தாலும் நம் நாட்டில் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. சந்தையிலும் பஸ் நிலையத்திலும் கூவி விற்போர் இவ்வெல்லைக்கு உட்பட்டவரல்லர்.

சொல்லோடு நின்றுவிடுதல் நமக்கு அழகன்று. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்காக 1872ஆம் ஆண்டிலேயே தனிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தும், மொழி தெரிந்த ஒருவர் அருகிருந்து விளக்கும் வசதி எல்லா லயங்களுக்கும் எட்டவில்லை. அதை நம் பழைய மாணவர் சங்கம் ஓரளவேனும் செய்யக்கூடும். போயா தினங்களில், வேலை நிறுத்தமுள்ள அந்நாளில், தோட்டக் கோயில் மண்டபத்தில் ஒரு மேசையை இட்டு அமர்வதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நம்முள் வைத்தியரும் தாதியரும் மருந்தாளரும் உளர்; அழுத்தமும் சீனியும் அளக்கும் சிறு கருவிகளை வாங்கத்தக்க வசதியுடையோரும் உளர். வருவோரின் கிளினிக் கொப்பியை வாசித்து, எவ்வில்லை எதற்கு என்பதைத் தமிழில் எழுதிக் கொடுப்பதே ஆசிரியர் ஒருவர் செய்யத்தக்க பெருந்தொண்டு. ஓமியோபதி வைத்தியர் நோயாளிக்கு ஈயும் அந்த ஒரு மணி நேரத்தை நாமும் ஈவோமாக. விழாவின் நினைவாகக் கல்லில் பெயர் பொறிப்பதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கினால் நம் கல்லூரியின் பெயர் மலையடிவாரங்களிலும் வாழும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்கு உறுப்புக்களைக் கூறினார். மருந்து எது என்று கேட்டு நம் மக்கள் வருகின்றனர். அதைத் தேர்ந்தளிப்பது வைத்தியரின் கடமை. நான்காம் உறுப்பாக நின்று உதவுவது நம் கடமை. அடுத்த போயா தினத்திற்கு முன் பதுளைக் கிளையினர் கூடி இதனை ஆராய்வார்களாக. இறையருள் துணைநிற்க.